கூகையைப் பாம்பென்று கும்பிட்ட தெரு

ஒரு சத்தத்தின் சரியான பெயரைச் சொன்னால் ஒரு கர்ப்பிணி தன் தாய்வீட்டுக்கு வர முடியாமல் போகும் என்றால், அந்தப் பெயரைச் சொல்லத்தான் வேண்டுமா? சமூகவியலில் முதுகலை படித்தபோது இதைவிடப் பெரிய கேள்விகளுக்கெல்லாம் பக்கம் பக்கமாக விடை எழுதியிருக்கிறேன். அந்த விடைகளால் யாருக்கும் நன்மையும் விளையவில்லை, தீமையும் விளையவில்லை. இந்தக் கேள்விக்கு மட்டும் நான் வாயைத் திறந்தால் ஒரு விளைவு, மூடினால் ஒரு விளைவு என்று இரண்டு பக்கமும் ஆள் நின்றது.

கோவில்பட்டியின் ஓரத்தில் கரிசல் காட்டை மனைகளாகப் பிரித்து விற்ற நகர் எங்களுடையது. கரிசல் மண்ணுக்கு வீடு பிடிக்காது. கோடையில் சுருங்கிச் சுவரைப் பிளக்கும். மழையில் ஊதித் தரையைத் தூக்கும். எங்கள் தெருக்காரர்கள் விரிசலுக்குச் சிமெண்டு பூசுவதும் அது மறுபடி வாய் திறப்பதைப் பார்ப்பதுமாக ஆண்டைக் கழிப்பவர்கள். பின்பக்கம் விற்காத மனைகளில் சீமைக்கருவேலம் மண்டியிருக்கிறது. அதைத் தாண்டினால் உளுந்தும் மக்காச்சோளமும் விதைத்த காடு. ஆகவே எங்கள் பின்கட்டுகளுக்குக் கீரி வரும், மயில் வரும், செம்போத்து வரும், ஓணான் வரும், தவிட்டுக்குருவிகள் கூட்டமாக வந்து ஊர்ப்பஞ்சாயத்துப் போலச் சண்டையிட்டுவிட்டுப் போகும். இவ்வளவு இருந்தும் எங்கள் தெருவுக்கு மூன்றே உயிர்கள்தாம் தெரியும்: காக்கா, நல்லபாம்பு, 'ஏதோ ஒரு குருவி'.

இந்த அறியாமைக்குக்கூட ஒரு நேர்மை இருந்தது, நகர் நலச் சங்கத் தலைவரின் கைபேசியில் அந்தச் செயலி வந்து சேரும்வரை. தலைவர் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி. தெருவே அவரை ஆபீசர் என்றுதான் சொல்லும். பறவைச் சத்தத்தைப் பதிவு செய்து கொடுத்தால் பெயரைச் சொல்லும் ஒரு செயலியை, வெளிநாட்டில் இருக்கும் அவர் மகன் இறக்கிக் கொடுத்திருந்தான். அன்றிலிருந்து அவர் விடியற்காலையில் கைபேசியை உயர்த்திப் பிடித்தபடி தெருவில் நடக்கத் தொடங்கினார். ஒரு நாள் சங்கத்தின் வாட்ஸ்அப் குழுவில், 'நமது நகருக்கு ஓர் அரிய விருந்தாளி' என்று அறிவித்தார். ஐரோப்பியச் சதுப்பு நிலங்களில் வாழும் ஏதோவொரு நீர்ப்பறவையின் படம் கூடவே வந்தது. அவர் பதிவு செய்திருந்த சத்தத்தைக் கேட்டேன். எங்கள் தெருமுனை அடிகுழாய், எண்ணெய் காணாத கைப்பிடியோடு, யாரோ குடம் நிறைத்துக்கொண்டிருந்த சத்தம் அது. குழுவில் கும்பிட்ட கைகள் வரிசையாக வந்து விழுந்தன. ஒருவர் மட்டும் அதைக் குழம்பு வைக்கலாமா என்று கேட்டிருந்தார். ஐயத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும் என்ற எண்ணம் எங்கள் குழுவில் அவர் ஒருவருக்குத்தான் இருந்தது.

அடிகுழாயைப் பறவை என்று நம்புவதால் யாரும் சாகப் போவதில்லை. பாம்பு விஷயம் அப்படியல்ல.

எங்களுக்கு அடுத்த வீட்டில் இருப்பவர் கணவரை இழந்த ஒரு பெண்மணி. உறவில்லை என்றாலும் அத்தை என்றே அழைத்து வளர்ந்தேன். அவருடைய பின்கட்டில் ஓடு வேய்ந்த ஒரு பழைய கொட்டகை உண்டு. தீப்பெட்டி ஆலையிலிருந்து வேலையை வீட்டுக்கு வாங்கி வந்து செய்த காலத்தில் கட்டியது. அந்த வேலை நின்ற பிறகு, தீக்குச்சி அடுக்கும் மரச்சட்டங்கள் உள்ளே இடுப்புயரத்துக்குக் குவிந்து கிடந்தன. ஐப்பசி மழையின்போது அந்தக் குவியலிலிருந்து ஒரு பாம்பு வெளியே வந்தது. முழங்கை நீளம்கூட இல்லை. மண்ணின் நிறத்தில் முதுகில் வெளிறிய வளைவுகள். அது உடம்பை மடித்து மடித்துச் சுருண்டுகொண்டு, செதிலோடு செதிலை உரசிற்று. காய்ந்த தோசைக்கல்லில் தண்ணீர் தெளித்தால் வருமே, அந்தச் சத்தம். அந்தச் சத்தத்துக்கு வேறு சொந்தக்காரர் கிடையாது. சுருட்டை விரியன்.

ஆபீசர் அதைச் செருப்பு முனையால் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"சாரைக்குட்டி. ஒண்ணும் செய்யாது."

"மாமா, காலை எடுங்க. அது விரியன்."

"நீ புத்தகத்துல படிச்சத வச்சுச் சொல்லுத. நான் சர்வீஸ்ல எத்தனை ஊர்ல பாத்திருக்கேன், தெரியுமா?"

வங்கியின் எந்தக் கிளையில் விரியன்கள் கணக்கு வைத்திருந்தன என்று நான் கேட்கவில்லை. பாம்பு திரும்பிச் சட்டக் குவியலுக்குள் போய்விட்டது. சாரைக்குட்டி என்று தெருவும் கலைந்துவிட்டது. சின்னதாக இருந்ததால் அதற்கு மரியாதை இல்லை. எங்கள் ஊரில் பாம்பு என்றால் படமெடுக்க வேண்டும், ஆளுயரம் சீற வேண்டும், ஒரு கோயிலாவது பின்னால் இருக்க வேண்டும்.

தை மாதத்தில் அந்தச் சீற்றம் வந்தது.

கொட்டகையின் உள்ளிருந்து, நீளமாக, மூச்சை இழுத்து விடுவதுபோல ஒரு சத்தம். பொழுது சாயும்போது தொடங்கும். பகலில் யாராவது கதவருகே போனாலும் வரும். அத்தை முதல்நாள் கேட்டுவிட்டு எங்கள் வீட்டுக்கு ஓடிவந்தார். மறுநாள் ஆபீசர் வந்து கதவுக்கு வெளியிலிருந்தே பதிவு செய்தார். செயலி பறவைகளுக்கானது, பாம்பைப் பற்றி அதற்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. அது ஏதோ ஒரு பறவையின் பெயரைச் சொல்லத்தான் செய்தது. வாழ்நாளில் அன்றைக்கு ஒருநாள் அந்தச் செயலி சரியாகச் சொல்லியிருக்கும் என்று நினைக்கிறேன். அன்றைக்குத்தான் அவர் அதை நம்பவில்லை.

"மெசின் சில நேரம் தப்புச் சொல்லும், கேட்டியளா. நம்ம காது எதுக்கு இருக்கு? இது நல்லபாம்பு. வயசான பாம்பு. விட்டு விட்டுச் சீறுது பாருங்க, அதுக்குள்ள மாணிக்கம் இருக்கும்."

"அண்ணாச்சி, எம் மவ பேறுகாலத்துக்கு வரணுமே," என்றார் அத்தை.

"வரட்டுமே. சாமியே காவல் இருக்கு. பால் வைங்க."

பால் வைத்தார்கள். முட்டையும் வைத்தார்கள். விடிந்து பார்த்தால் இரண்டும் இல்லை. அதுவே நிரூபணமாயிற்று. பாலைக் குடித்தது எதிர்வீட்டுச் சாம்பல் நிறப் பூனை என்பதை எங்கள் மாடியிலிருந்து பார்த்தேன். முட்டையை உருட்டிக்கொண்டு போனது கீரி. பாம்பைக் கண்டால் விடாத கீரி, பாம்புக்கு வைத்த படையலைத் தின்றுவிட்டு வேலியோரம் வாயைத் துடைத்துக்கொண்டு போயிற்று. அதைப் பார்த்தவர்களும், "கீரி சும்மா போகுது பாரு, சாமிக்குப் பயந்து," என்றார்கள். சான்று என்ன காட்டுகிறது என்று பார்க்கிற பழக்கம் எங்களிடம் இல்லை. முடிவு முதலில் வந்து கட்டிலில் படுத்துக்கொள்ளும். சான்றுகள் பிறகு வந்து அதன் காலைப் பிடித்துவிடும்.

நான் மாடியில் காத்திருந்தேன். கொட்டகையின் கூரைக்குச் சற்றுக் கீழே உடைந்த சாளரம் ஒன்று எங்கள் மாடியைப் பார்த்து இருந்தது. மதியம் தாண்டி வெயில் சரிந்தபோது அதன் வழியே உள்ளே வெளிச்சம் விழுந்தது. கூரை உத்தரத்தில், சுண்ணாம்பில் தோய்த்த மூன்று வெற்றிலைகளை வரிசையாக ஒட்டிவைத்ததுபோல மூன்று முகங்கள். ஒன்று பெரிது, ஒன்று அதைவிடச் சிறிது, ஒன்று இன்னும் சிறிது. மூன்றும் ஒன்றாகத் தலையை ஆட்டிக்கொண்டு சீறின. கூகைக் குஞ்சுகள். சுவரில் வெள்ளையாக எச்சம் வழிந்திருந்தது. சாளரத்துக்கு அடியில், எங்கள் பக்கத்துத் தரையில், சாம்பல் நிற உருண்டைகள் கிடந்தன. குச்சியால் பிரித்துப் பார்த்தேன். எலி மயிர், அதற்குள் எலியின் தாடை, சின்னச் சின்ன எலும்புகள். காட்டில் உளுந்து முற்றும் காலத்தில் எலி பெருகும். எலி பெருகினால் கூகை குடும்பம் நடத்தும். எங்கள் வீட்டு அரிசி மூட்டைகள் அந்த ஆண்டு தப்பித்ததற்குக் காரணம் அந்தக் கொட்டகையில் இருந்தது.

சொல்லிவிடலாம் என்றுதான் படியிறங்கினேன். பாதிப் படியில் நின்றேன்.

கூகை என்ற சொல்லை எங்கள் தெரு பயன்படுத்தாது. இங்கே அதன் பெயர் சாக்குருவி. அது உட்கார்ந்த வீட்டில் பிணம் விழும் என்பது பேச்சு. பாம்பு கடித்துச் செத்தவர்கள் இந்தச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ பேர். கூகை கடித்துச் செத்தவர் எவரையும் நான் கேள்விப்பட்டதில்லை. இருந்தும் பாம்புக்குப் பால், கூகைக்குக் கல். கொல்லக்கூடியதைக் கும்பிட்டுக் கொண்டாடவும், களஞ்சியத்தைக் காப்பதை அடித்து விரட்டவும் ஒரு சமூகம் எப்படிப் பழகிக்கொண்டது என்று ஓர் ஆய்வே எழுதலாம். ஆனால் நான் படியில் நின்றது ஆய்வுக்காக அல்ல. அத்தையின் மகளை நினைத்துத்தான்.

அவள் என்னைவிட இளையவள். நாகலாபுரம் பக்கம் மானாவாரி நிலம் உள்ள ஒரு குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். முதல் கரு ஆறாம் மாதத்தில் இரத்தப்போக்கு கண்டு கலைந்துபோயிற்று. அந்த ஊரிலிருந்து வண்டி கிடைத்து மருத்துவமனைக்கு வந்துசேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது. அவளே பிழைத்தது பெரிது என்று மருத்துவர் சொன்னார். இரண்டாவது கருவுக்கு இப்போது மாதம் ஏறிக்கொண்டிருந்தது. கோவில்பட்டியில் அரசு மருத்துவமனை ஆட்டோ பிடித்தால் வந்துவிடுகிற தூரம். வளைகாப்பு முடிந்து அவள் இங்கே வந்துவிட வேண்டும். அத்தை கண்ணை மூடினாலும் திறந்தாலும் அது ஒன்றையே நினைத்துக்கொண்டிருந்தார்.

அன்று மாலை அவளே என்னைக் கூப்பிட்டாள்.

"யக்கா, எங்கம்மை சொல்லுதா, அங்கன நல்லபாம்பு குடியிருக்காம்ல. நெசமா?"

"உங்க வீட்டுல என்ன சொல்லுதாவ?"

"மாமனாருக்கு ஒரே சந்தோசம். புள்ளத்தாச்சியப் பாம்பு தீண்டாதாம். நாகம் இருக்கிற வீட்டுல பேறுகாலம் நடந்தா அதுக்கு மேல என்ன வேணுங்காவ."

"ஏட்டி, அது பாம்பு இல்ல."

"பின்ன?"

"சாக்குருவி. மூணு குஞ்சு இருக்கு. நான் கண்ணால பாத்தேன்."

மறுமுனையில் அவள் எழுந்து போகும் சத்தம் கேட்டது. ஏதோ கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"யார்ட்டயும் சொல்லிட்டியா?"

"இல்ல."

"சொல்லிராத யக்கா. மாமனாரு காதுல விழுந்துதுன்னா என்னையப் படி தாண்ட விட மாட்டாவ. போன வருசம் பெரிய மாமனார் வீட்டுக் கூரையில அது உக்காந்துச்சின்னு, வீட்டையே பூட்டிப் போட்டுட்டுக் காட்டுல குடிசை போட்டுக் கெடந்தாவ. எனக்கு இங்கன இருக்கப் பயமா இருக்கு. போன தடவ வண்டி வாரதுக்குள்ள…"

அவள் முடிக்கவில்லை. முடிக்க வேண்டியதும் இல்லை.

ஆக, அது பாம்பாகவே இருந்துவிட்டால் அவள் வருவாள். அதோடு முடிந்திருந்தால் நானும் வாயை மூடிக்கொண்டு, தெருவின் மடமை ஒருமுறையாவது நல்லதற்குப் பயன்பட்டது என்று போயிருப்பேன். ஆனால் அத்தை நேர்ந்துகொண்டிருந்தார். மகள் வந்ததும் வெள்ளிக்கிழமை தோறும் தன் கையாலேயே கொட்டகைக்குள் போய்ப் பால் ஊற்றுவாள் என்பது நேர்த்தி. வெறுங்காலோடு, பொழுது சாயும் வேளையில், அந்தச் சட்டக் குவியலுக்கு முன்னால். பாம்பே இல்லாத இடத்தில் பாம்பைக் கும்பிடுவது சிரிப்புக்குரியது. பாம்பு இருக்கிற இடத்தில், வேறொன்றைப் பாம்பென்று கும்பிடுவதற்காக ஒரு கர்ப்பிணி காலை வைப்பது சிரிப்புக்குரியதல்ல.

அதை அவளிடம் சொன்னேன். விரியனைப் பற்றியும் சொன்னேன்.

"அப்ப அங்கன ஒரு பாம்பு இருக்கத்தான் செய்யுது," என்றாள்.

"இருக்கு. நீங்க கும்பிடுறது அதை இல்ல."

அவள் சிரித்துவிட்டாள். பல மாதங்களுக்குப் பிறகு அவள் சிரித்ததைக் கேட்டேன். பிறகு யோசித்துச் சொன்னாள்:

"யக்கா, புள்ளத்தாச்சி எதுக்க வந்தா பாம்புக்குக் கண்ணு அவிஞ்சிரும்னு இங்கன சொல்லுவாவ. நான் போயிப் பால் ஊத்துனா சாமிக்குக் கண்ணு போயிரும்லா? சாமி கண்ண அவிக்கலாமா?"

"அதை உங்கம்மைட்டச் சொல்லு."

"நான் சொன்னா, சோம்பேறி சாக்குச் சொல்லுதாம்பா. ஆபீசர் மாமா சொல்லணும்."

"அவர் எப்படிச் சொல்லுவாரு?"

"தெரியாதுன்னு அவரு என்னைக்காவது சொல்லியிருக்காரா? சும்மா கேளு. பதில் தன்னால வரும்."

கேட்டேன். சங்கக் குழுவிலேயே, எல்லோரும் பார்க்கும்படி, பணிவாக எழுதினேன்: கர்ப்பிணிகள் நாகத்தின் எதிரே வந்தால் அதன் பார்வை மங்கும் என்று பெரியவர்கள் சொல்கிறார்களே, இதில் உண்மை இருக்கிறதா என்று மாமா விளக்க வேண்டும். தேநீர் குடித்துக் கோப்பையைக் கழுவி வைப்பதற்குள் விளக்கம் வந்துவிட்டது. முற்றிலும் உண்மை, இதற்கு விஞ்ஞானக் காரணம் உண்டு, கர்ப்பிணியின் உடலிலிருந்து ஒருவகை வெப்பக் கதிர் வெளிப்படுகிறது, நம் முன்னோர் மூடர்கள் அல்லர். கும்பிட்ட கைகள் வரிசையாக வந்தன. நான் இரண்டாவது கேள்வியையும் அனுப்பினேன். அந்தக் கர்ப்பிணியோடு ஒரே வீட்டில் புழங்குகிறவர்கள் உள்ளே போனாலும் கதிர் ஒட்டிக்கொண்டு போகுமா? போகும் என்றார். அதற்கும் ஒரு விஞ்ஞானக் காரணம் இருந்தது. ஆகையால் அனைவரும் கொட்டகைக்கு வெளியே, கிணற்றடிச் சிமெண்டுத் தளத்தில் நின்று வழிபடுவதே முறை என்று சங்கத் தலைவர் என்ற வகையில் அறிவுறுத்தினார்.

ஒரு பொய்யை வைத்து இன்னொரு பொய்யைக் கட்டிப்போட்டோம். கல்லூரியில் பகுதிநேரமாக நான் எடுக்கிற பாடத்தில் அறிவியல் மனப்பான்மை என்று ஓர் அலகு உண்டு. அதை நடத்தும்போது அந்த வாரம் என் குரல் சற்றுத் தணிந்துதான் இருந்தது. ஆனால் அத்தை அன்றைக்கே கொட்டகைக் கதவைச் சாத்திக் கயிறு கட்டிவிட்டார். ஐப்பசியிலிருந்து நான் விரியன் விரியன் என்று சொல்லியும் சாத்தாத கதவு அது.

வளைகாப்பு முடிந்து அவளைக் கொண்டுவந்து விட மாமனாரும் மாமியாரும் காரில் வந்தார்கள். வழியில் டயர் மாற்றியதால் மாலையாகிவிட்டது. மாமனார் வெள்ளை வேட்டியும் கனத்த குரலுமாக இருந்தார். மாமியார் ஒல்லியானவர், வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காப்பி குடித்த கையோடு மாமனார், "சாமி எங்கன இருக்கு?" என்றார். ஆபீசர் அழைத்துக்கொண்டு போனார். தெருவில் பாதிப் பேர் அத்தையின் பின்கட்டில் கூடிவிட்டார்கள். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வாசலில் நின்றாள். நான் அவள் பக்கத்தில் நின்றேன்.

குஞ்சுகள் ஏமாற்றவில்லை. ஆள் அரவம் கேட்டதும் மூன்றும் சேர்ந்து சீறின. மாமனார் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார்.

"எவ்வளவு பெரிசா இருக்கும்?"

"பத்தடி," என்றார் ஆபீசர். "குறையாது. மூச்சோட நீளத்த வச்சுச் சொல்லுதேன்."

அந்த நேரத்தில்தான் தாய்க்கூகை வெளியே வந்தது. சாளரத்தில் ஒருகணம் உட்கார்ந்தது. பிறகு, சிறகடிக்கிற சத்தமே இல்லாமல், வெள்ளை வயிறும் அகன்ற இறகுமாக எங்கள் தலைகளுக்கு மேலே தாழப் பறந்து காட்டுப் பக்கம் போயிற்று. இருள் முழுதாக விழவில்லை. எல்லோரும் பார்த்தார்கள்.

அவள் என் கையைப் பிடித்தாள். நகம் பதிந்தது.

"என்னது அது?" என்றார் மாமனார். குரல் மாறியிருந்தது.

எல்லோரும் ஆபீசரைப் பார்த்தார்கள். கேட்டால் உடனே சொல்லிவிடும் ஆபீசர்கூட ஒரு மூச்சு தாமதித்தார். தெரியாது என்று சொல்லிவிடுவாரோ என்று நான் பயந்தேன். அந்த மனிதரின் அறியாமையை அவ்வளவு ஆர்வமாக நான் எதிர்பார்த்து நின்றது அந்த ஒருமுறைதான்.

"கருடன்," என்றார். "வெள்ளைக் கருடன். லேசுல பாக்கக் கிடைக்காது அண்ணாச்சி. உங்களுக்குக் கொடுத்து வச்சிருக்கு."

கைகள் எல்லாம் தலைக்கு மேலே போயின. பாம்பைத் தின்கிற கருடன், பாம்பு குடியிருக்கும் அறையிலிருந்து, பொழுது அடைந்த பிறகு, ஏன் புறப்பட வேண்டும் என்று ஒருவருக்கும் தோன்றவில்லை. ஆபீசர் தன் கைபேசியில் ஒரு படம் எடுத்திருந்தார். வெள்ளையாக ஒரு கீற்று மட்டும் அதில் விழுந்திருந்தது. அதை வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். ஒருவர் அதில் நாமம் தெரிகிறது என்றார். கண் என்ற உறுப்பை இவர்கள் முகத்தில் எதற்காக வைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அன்றைக்கு நினைத்தேன். கண் திறந்திருக்கிறது, பறவை கண்ணுக்கு எதிரே போகிறது, ஆனால் பார்ப்பது மட்டும் நடப்பதில்லை. கேட்பதும் அப்படியே. ஒருவர் சொன்ன பெயர் காதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டால், சத்தத்துக்கு அங்கே இடமில்லை.

எல்லோரும் உள்ளே போன பிறகு மாமியார் மட்டும் வேலியோரம் நின்று எங்கள் முருங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் அருகே அழைத்தார்.

"ஏ பிள்ளை, நீதான் காலேசுல பாடம் எடுக்கியா?"

"ஆமா அத்தை."

"அந்த ஆபீசரு கருடன்னு சொல்லுதாரே. நீ என்ன சொல்லுத?"

"வெளிச்சம் சரியா இல்ல. நான் சரியாப் பாக்கல."

"நான் சரியாப் பாத்தேன்." முருங்கையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார். "உளுந்து போட்டா எலி வரும். எலிக்குப் பொறத்தால அதுவும் வரும். எங்க காட்டுல பாக்காததா? கருடன் இருட்டுற நேரத்துலயா பறக்கும்?"

கணக்கில் நான் சேர்க்காத ஆள் இவர்.

"உள்ள போயிச் சொல்லப்போறீங்களா?" என்று கேட்டேன்.

"நான் எதுக்குச் சொல்லுதேன்? போன தடவ அவிய வண்டி தேடிப் போயிட்டாவ. நான்தான் அவளை மடியில போட்டுக்கிட்டு ரோட்டோரத்துல உக்காந்திருந்தேன். என் சீலை பூரா…" நிறுத்திக்கொண்டார். "ஆசுபத்திரி இங்கன பக்கத்துல இருக்கு. அது போதும் எனக்கு."

பிறகு அடுக்களைப் பக்கம் திரும்பி, உள்ளே கேட்டுக்கொண்டிருந்த ஆபீசரின் குரலை ஒரு நிமிடம் கவனித்தார்.

"கருடனாம். அந்த மனுசன் கொக்கக் காட்டுனாலும் மயிலும்பாரு. இருந்துட்டுப் போகட்டும். நீ வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரு, என்ன?"

"சரி அத்தை."

இரண்டு பேரும் உள்ளே போனோம். அவர் இலையில் உட்கார்ந்து, ஆபீசரிடம், கருடனைப் பார்த்ததில் மனசே நிறைந்துவிட்டது என்று சொன்னார். முகத்தில் ஒரு சுருக்கம்கூட அசையவில்லை. அவரும் அந்தக் குழுவில் இருந்திருந்தால் கும்பிட்ட கையை அவர்தான் முதலில் அனுப்பியிருப்பார்.

குஞ்சுகள் மாசி கடைசியில் ஒவ்வொன்றாகப் பறந்து போயின. சீற்றம் நின்றது. நாகம் தவம் முடித்துப் புறப்பட்டுவிட்டது என்று ஆபீசர் அறிவித்து, கொட்டகையில் ஒரு நாகர் சிலை வைக்க வேண்டும் என்றார். சிலைக்கு இடம் வேண்டும் என்பதற்காகச் சட்டக் குவியலை ஆள் வைத்து, நீளக் கம்பியால் இழுத்து, வெளியே போட்டுக் கொளுத்தினார்கள். அடியில் இரண்டு விரியன்கள் இருந்தன. அவற்றையும் சாரைக்குட்டி என்றுதான் சொன்னார்கள், ஆனாலும் விரட்டிவிட்டார்கள். தரைக்குச் சிமெண்டு பூசினார்கள். சாளரத்தைச் செங்கல் வைத்து அடைத்துவிட்டார்கள். அடுத்த தையில் கூகை வந்தால் உள்ளே போக வழியில்லை. எங்கள் வீட்டு அரிசி மூட்டையில் இப்போது எலி ஓட்டை போடுகிறது.

பங்குனியில் ஒரு காலை அவளுக்கு வலி கண்டது. இரத்த அழுத்தம் சட்டென்று ஏறிவிட்டது. ஆட்டோவில் அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். உடனே அறுவை செய்தார்கள். தாமதித்திருந்தால் இரண்டு உயிரும் போயிருக்கும் என்று மருத்துவர் அத்தையிடம் சொன்னபோது மாமியார் சுவரில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டார். பெண் குழந்தை. தாயும் நலம்.

அதற்குப் பிறகு நான் சங்கக் குழுவிலிருந்து விலகிவிட்டேன். பின்கட்டில் ஏதாவது சத்தம் கேட்டால் இப்போதும் மாடிக்குப் போய்ப் பார்க்கிறேன். பெயரை யாராவது கேட்டால், அவர்கள் வீட்டில் இப்போது யார் யார் இருக்கிறார்கள் என்று விசாரித்துவிட்டுத்தான் சொல்கிறேன்.